2 அங்குலம் தூக்கிய டிரைட்டனுக்கு 285 டயர் போட்டேன், முடக்கில் திருப்பினால் உரசுகிறது

மவுசாகலைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான், இன்றைக்குக் கேள்வியோடு வந்திருக்கிறேன்.

வண்டி 2008 மிட்சுபிஷி டிரைட்டன் டபுள் கெப். மேனுவல் கியர், ஏபிஎஸ் இல்லாத மொடல். இருப்பது மஸ்கெலியாப் பக்கம். டவுனிலிருந்து தோட்டத்துக் கடைகளுக்குச் சாமான், கேஸ் சிலிண்டர், பசளை ஏற்றுவதுதான் வேலை. ராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கும் இதே வண்டிதான்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்துபோனதிலிருந்து எங்கள் மேல் டிவிஷன் ரோடு ரோடாகவே இல்லை. சரிந்த மண்ணை ஒதுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். டிரெக்டர் ஓடி இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மேடு. அந்த மேட்டில் வண்டியின் அடி இடிக்கிறது. புது வண்டி வாங்குகிற யோசனையே இல்லை. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியபோது ஏறிய விலை, 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகும் எங்கள் கைக்கு இறங்கி வரவில்லை. அதனால் இருக்கிறதையே தூக்கலாம் என்று போனேன்.

ஒரு கராஜில் முன்னுக்கு ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த கால்) மேல் ஸ்பேசர் கட்டை வைத்து, பின்னுக்கு நீள ஷெக்கிள் (இலை ஸ்பிரிங்கைச் சேஸியில் பிடிக்கிற இணைப்பு) போட்டு 2 அங்குலம் தூக்கித் தந்தார்கள். அதே கையோடு 285/75 ஆர்16 (அகலம் 285 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் நூற்றுக்கு 75, ரிம் 16 அங்குலம்) மட் டயரும் 16க்கு 8 அலோய் ரிம்மும் வாங்கிப் போட்டேன். பார்க்க ஆள் மாதிரி நிற்கிறது, பொய் சொல்லக் கூடாது.

ஆனால் ஸ்டியரிங்கை முழு லொக் திருப்பினால் முன் டயர் பின்பக்க லைனரில் (மட்கார்ட்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் உறை) உரசுகிறது. ரிவர்ஸில் இன்னும் மோசம், உள்ளே இரும்பிலேயே படுகிறது. எங்கள் ரோட்டில் முடக்குக்கு முடக்கு முழு லொக்தான். 60க்கு மேல் ஸ்டியரிங் நடுக்கமும் இருக்கிறது. கராஜில் கேட்டால் "இன்னும் ஒரு அங்குலம் தூக்கினால் சரிவரும்" என்கிறார்கள். தூக்கவா? இல்லை மட்கார்ட்டை வெட்டவா?

கொழும்பு வீக்எண்ட்

மச்சான், 3 அங்குலம் போடு, லைனரைக் கழற்றி வீசு, மிச்சத்தைக் கிரைண்டர் பார்த்துக்கொள்ளும். என் ரேஞ்சருக்கும் அதைத்தான் செய்யப்போகிறேன். படம் போடு, பார்ப்போம்.

பண்டாரவளை ஃபோர்வீல்

தம்பி, கிரைண்டரைக் கையில் எடுக்க முதல் இதை வாசியுங்கள்.

லிஃப்ட் போட்டால் டயருக்கு இடம் கிடைக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வண்டி சும்மா நிற்கும்போது பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் முன் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து, சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கி, பம்ப் ஸ்டொப்பர் ரப்பரில் போய் முட்டும்போது சக்கரம் எங்கே நிற்குமோ அந்த இடம் மாறவே இல்லை. ஸ்டொக் வண்டியிலும் அதே இடம், 2 அங்குலத்திலும் அதே, 3 போட்டாலும் அதே. ஸ்பேசர் செய்வது, வண்டி சாதாரணமாக நிற்கிற உயரத்தைக் கூட்டுவது மட்டும்தான். 3 அங்குலம் போட்டால் டவுனில் உரசாது, தோட்டத்து ரோட்டில் உரசும்.

கூடவே முன் சக்கரத்தைச் சுற்றுகிற சீவி ஜொயின்ட் நிற்கிற கோணமும் கெடும், அதை மூடுகிற ரப்பர் பூட் கிழியும். அந்த வண்டிக்கு 2 அங்குலமே போதும் என்பது என் எண்ணம்.

உங்கள் வண்டி உரசுவதற்குப் பெரிய காரணம் ரிம்தான் என்று சந்தேகிக்கிறேன். ஓஃப்செட் எவ்வளவு? ரிம்மின் உள்பக்கத்தில் ஈடி என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண் அடித்திருப்பார்கள். பார்த்துச் சொல்லுங்கள். லிஃப்ட்டுக்குப் பிறகு அலைன்மென்ட் செய்தீர்களா?

மவுசாகலைக்காரன்

பார்த்தேன் அண்ணே. "ஈடி 0" என்று இருக்கிறது. பழைய ரிம்மில் 16க்கு 7, ஈடி 46. அந்தப் பூச்சியத்துக்கு அர்த்தம் என்னவென்று கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அலைன்மென்ட் செய்யவில்லை. "நேராகத்தானே ஓடுகிறது" என்றார்கள்.

பண்டாரவளை ஃபோர்வீல்

அப்போ சரி, அதுதான்.

ஓஃப்செட் என்பது, ரிம் ஹப்பில் (சக்கரம் பூட்டுகிற நடுத்துண்டு) போய் ஒட்டுகிற முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது. பிளஸ் என்றால் முகம் வெளிப்பக்கம், சக்கரம் உள்ளே போகும். குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும்.

உங்கள் பழைய ரிம் 7 அங்குலம், 177.8 மில்லிமீட்டர். பாதி 88.9. அதில் 46ஐக் கழித்தால் ஹப் முகத்துக்கு வெளியே நிற்பது 42.9. புது ரிம் 8 அங்குலம், பாதி 101.6. ஓஃப்செட் பூச்சியம், கழிக்க ஒன்றுமில்லை. வெளியே நிற்பது 101.6. அதாவது ரிம்மின் வெளி விளிம்பு கிட்டத்தட்ட 59 மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் போல் ஜொயின்ட்டுகளைச் சுற்றித்தான் சுழல்கிறது. அந்த அச்சுக்குத் தள்ளி நிற்க நிற்க, டயரின் ஓரம் பெரிய வட்டம் போட்டு வீசும். கதவைக் கீல் பக்கம் தொட்டால் கொஞ்சம் அசையும், கைபிடிப் பக்கம் ஓர் அடி போகும், அந்த மாதிரி. அதனால்தான் பின்னால் போய் லைனரிலும், அதற்குள்ளே பாடி மவுண்ட் இரும்பிலும் அடிக்கிறது. இதே டயரைப் பிளஸ் 30 ரிம்மில் போட்டிருந்தால் உரசல் பாதியாவது குறைந்திருக்கும். வெளியே தள்ளிய சக்கரம் வீல் பெயாரிங்கையும் சீக்கிரம் தின்னும், கல்லில் ஏறினால் ஸ்டியரிங் கையை உதறும்.

அலைன்மென்ட் செய்யாததும் இதில் சேர்கிறது. முன்பக்கத்தைத் தூக்கும்போது காஸ்டர், அதாவது ஸ்டியரிங் அச்சு பின்னுக்குச் சாய்ந்திருக்கிற கோணம், குறைகிறது. லோவர் ஆர்மில் இருக்கும் கேம் போல்ட்டைத் திருப்பிக் காஸ்டரைக் கூட்டினால் சக்கரம் சில மில்லிமீட்டர் முன்னுக்கு வரும், பின்னால் இடம் கிடைக்கும். ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பி வருவதும் அப்போதுதான் சரியாகும். "நேராக ஓடுகிறது" என்பது அலைன்மென்ட் இல்லை.

லீக்ஸ் லொறி

கந்தப்பளையிலிருந்து மரக்கறி ஏற்றுகிற ஆள் நான். எனக்கு ஒரே கேள்விதான். 285 போட்ட பிறகு நல்லதண்ணி ஏற்றத்தில் எந்தக் கியர்?

மவுசாகலைக்காரன்

முன்பு மூன்றில் போன இடமெல்லாம் இப்போ இரண்டில். சிவனொளிபாதமலை சீசன் என்பதால் பஸ்களுக்குப் பின்னால் போகிறோம், அதனால்தான் என்று நினைத்தேன்.

லீக்ஸ் லொறி

பஸ் இல்லை, டயர். உங்கள் கம்பெனி டயர் 245/70 ஆர்16 என்றால் உயரம் 749 மில்லிமீட்டர். 285/75 ஆர்16 என்றால் 834. நூற்றுக்குப் பதினொன்று கூட. கியர் பெட்டியைக் கழற்றி எல்லாப் பல்லையும் நூற்றுக்குப் பதினொன்று நீளமாக்கின மாதிரி. மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 66, 67இல் போகிறீர்கள். கிலோமீட்டர் கணக்கும் குறைத்துக் காட்டும், டீசல் கணக்குப் பார்த்தால் மண்டை குழம்பும். நான் ஒரு வருடம் குழம்பினேன்.

கம்பளை டயர்கடை

விற்கிற ஆள் பேசினால் நம்ப மாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

நடுக்கத்துக்கு வருவோம். உங்கள் வண்டி ஹப்பின் விட்டம் 67.1. வெளியில் விற்கிற ரிம்களில் நடு ஓட்டை பெரும்பாலும் 100க்கு மேல்தான், எல்லா வண்டிக்கும் வரட்டும் என்று. அப்போ ரிம் ஹப்பில் உட்காரவே இல்லை, ஆறு நட்டுகளின் கூம்பு முகம்தான் அதை நடுவில் பிடிக்க வேண்டும். வண்டியை ஜாக்கில் வைத்து, எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் நடுவில் நிற்கும். கன் வைத்து ஒரே மூச்சில் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தால் ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கும். அந்த இடைவெளியை நிரப்புகிற அளவான ஹப் ரிங் போட்டு உட்கார வைப்பது நல்லது. அப்புறம் கம்பெனி அலோய்க்கு வந்த நட்டு எல்லா ரிம்முக்கும் சரிவராது. டொயோட்டா அலோய் நட்டு பலதுக்கு அடி தட்டை, வொஷரோடு வரும். கூம்புக் குழி ரிம்முக்கு அதைப் போட்டுக் கொண்டுவந்த வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். புது ரிம் போட்டு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப இறுக்க வேண்டும். இதை எல்லாருக்கும் சொல்கிறேன், பத்தில் இரண்டு பேர் வருகிறார்கள்.

பஞ்சிகாவத்தையில் செகன்ட் ஹேண்ட் ரிம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர் எல்லாம் ஆறு நட்டு, நட்டு வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீட்டர். நவாராவின் டி40, டி23 மொடல்களும் ஆறு நட்டுத்தான், ஆனால் 114.3. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், போகாது. நடு ஓட்டை ஹைலக்ஸுக்கு 106. அதனால் ஹைலக்ஸ் ரிம் டிரைட்டனில் ஏறும், டிரைட்டன் ரிம் ஹைலக்ஸில் ஏறாது.

டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பார்த்தீர்களா? 2318 என்றால் 2018ஆம் ஆண்டு 23ஆவது வாரம் செய்தது. பட்டன் (டயரின் கட்டை) எவ்வளவு இருந்தாலும் வருடம் போன ரப்பர் காய்ந்துவிடும். மழை ரோட்டில் அது தெரியும்.

பழைய பிட்டர்

நான் தோட்டத்து கராஜில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள்தான் டைப் பண்ணித் தருகிறாள், பிழை இருந்தால் அவளைத் திட்டவும்.

தம்பி, அடி இடிக்கிறது என்றீர்களே, எது இடிக்கிறது? முன் கார்டா, பின் டிஃபரன்ஷல் உருண்டையா?

மவுசாகலைக்காரன்

ஐயா, பின் டிஃப்தான். அந்த நடுமேட்டில் உழுதுகொண்டு போகும்.

பழைய பிட்டர்

அப்படியென்றால் லிஃப்ட்டுக்குக் கொடுத்த காசில் அந்த இடிக்கு ஒரு சதமும் போகவில்லை. பின் எக்ஸல் ஒரே கட்டை. ஷெக்கிள் நீளமாகினால் பாடி உயரும், சேஸி உயரும், டிஃப் உருண்டை அதே இடத்தில்தான். அதை உயர்த்த உலகத்தில் ஒரே வழி டயரின் உயரம், அதிலும் கூடினதில் பாதி. உங்கள் 285 டயர் 85 மில்லிமீட்டர் உயரம், டிஃப்புக்குக் கிடைத்தது 42. லிஃப்ட்டுக்கு வேலை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. உயர டயர் பாடியில் முட்டாமல் இருக்கவும், கான் தாண்டும்போது முன் மூக்கும் பின் பம்பரும் இடிக்காமல் இருக்கவும் அது வேண்டும்.

உயரம் வேண்டும், சரி. அகலம் எதற்கு?

எங்கள் தோட்டத்தில் லேண்ட் ரோவர் ஓடிய காலத்தில் நீளச் சேஸி வண்டிகளுக்கு 7.50-16 டயர். ஆள் மாதிரி ஒல்லி, உயரம். அதில் கொழுந்துச் சாக்கும் ஏற்றினோம், துரையையும் ஏற்றினோம். அதே உயரத்தில் இப்போது கிடைப்பது 235/85 ஆர்16. கணக்குப் பார்த்தால் 806 மில்லிமீட்டர், உங்கள் பழைய டயரைவிட 56 கூட, டிஃப்புக்கு 28 கிடைக்கும். அகலம் 235, உங்கள் கம்பெனி டயரைவிட 10 மில்லிமீட்டர் குறைவு. உங்கள் 7 அங்குலக் கம்பெனி ரிம்மிலேயே ஏறும். ரிம் வாங்குகிற செலவு மிச்சம்.

கொழும்பு வீக்எண்ட்

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அகல டயரில் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் சேற்றில் மிதந்து போகும். ஒல்லி டயர் அமிழ்ந்துவிடும். மீமுரே போனபோது கண்ணால் பார்த்தது.

பழைய பிட்டர்

தம்பி பார்த்தது சரி. மன்னார் மணலிலும் அதுதான் சரி. அடியில்லாத சேற்றில் மிதக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய தோட்டத்து ரோடுகளில் மேலே நாலு விரல் சேறு, அடியில் கையால் பதித்த கருங்கல். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு போய்க் கல்லைப் பிடிக்கும். அகல டயர் சேற்றின் மேலே சறுக்கும். சறுக்கினால் ஒரு பக்கம் கான், மற்றப் பக்கம் தேயிலை, அதற்குக் கீழே இன்னொரு ரோடு.

காற்று விஷயமும் இருக்கிறது. நீங்கள் 18க்கு இறக்கி விளையாடிவிட்டு ஊதிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இந்தத் தம்பி பின்னுக்குப் பசளை மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர். பாரத்தோடு 18இல் ஓடினால் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும், இல்லையென்றால் கூர்க்கல் கிழிக்கும்.

பண்டாரவளை ஃபோர்வீல்

ஐயா சொன்னதோடு ஒன்று. டிரைட்டனின் பெரிய பலமே 5.9 மீட்டர் திருப்பு ஆரம். டபுள் கெப்பில் அது சின்னது. உரசுகிறது என்று லொக்கைக் குறைத்துத் திருப்பினால், ஒரே வெட்டில் எடுத்த முடக்குக்கு ரிவர்ஸ் போட வேண்டிவரும்.

மவுசாகலைக்காரன்

போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மேல் டிவிஷனுக்குப் போகும்போது கோயிலடி முடக்கில் முன்பு ஒரே வெட்டு. இப்போ இரண்டு ரிவர்ஸ். பின்னால் பள்ளம், கிளீனர் பையன் இறங்கிக் கல் வைக்கிறான்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் எழுதவில்லை. போன கிழமை கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போனேன், வெறும் வண்டி. கினிகத்தேனை இறங்கி கித்துல்கலைக்கு வரும்போது முன் பிரேக்கில் கருகல் வாசம். பெடலும் பஞ்சு மாதிரி. ஓரம் கட்டி அரை மணித்தியாலம் நின்றேன். பேட் புதுசு. டயர் பாரம் கூடினதால்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பழைய பிட்டர்

தம்பி, டயர், ரிம், உரசல் எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பின் எக்ஸலுக்கு மேலே, சேஸியில் ஒரு பிரேக் வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு லிவரும் ஸ்பிரிங்கும் எக்ஸலுக்கு இறங்கும். லிஃப்ட் போட்ட கராஜில் அதைத் தொட்டார்களா? இன்றைக்கே கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பார்க்கும்வரை டவுனை விட்டு இறங்க வேண்டாம்.

மவுசாகலைக்காரன்

பார்த்தேன். வால்வு இருக்கிறது. லிவர் கீழ்நோக்கி முழுக்கத் தொங்குகிறது, ஸ்பிரிங் இழுபட்டு நிற்கிறது. ஒன்றும் மாற்றிய அடையாளம் இல்லை.

பழைய பிட்டர்

நினைத்தேன்.

அந்த வால்வு பாரம் பார்க்கிற வால்வு. ஏபிஎஸ் இல்லாத கெப்களில் இருக்கும். வெறும் வண்டிக்குப் பின்பக்கம் லேசு. பிரேக் அடித்தால் பின் சக்கரம் சீக்கிரம் பூட்டி, வண்டி பின்னால் இழுத்துச் சுழலும். அதனால் வெறும் வண்டியாக இருந்தால் பின் பிரேக்குக்குப் போகிற எண்ணெய் அழுத்தத்தை வால்வு குறைத்துவிடும். பாரம் ஏற்றினால் சேஸி எக்ஸலை நோக்கி இறங்கும், லிவர் மேலே போகும், வால்வு திறந்து பின்னுக்கும் நல்ல அழுத்தம் விடும். அது தராசு வைத்தா நிறுக்கிறது? சேஸிக்கும் எக்ஸலுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

நீங்கள் 2 அங்குலம் தூக்கினீர்கள். இடைவெளி 2 அங்குலம் கூடிவிட்டது. வால்வின் கணக்குப்படி உங்கள் வண்டி வெறும் வண்டியைவிட வெறும் வண்டி. பத்து மூட்டை பசளை ஏற்றினாலும் "இன்னும் பாரம் இல்லை" என்று பின் பிரேக்கை அமுக்கியே வைத்திருக்கும். நிறுத்துகிற வேலை எல்லாம் முன்னுக்கு. கருகல் வாசம் அங்கிருந்துதான்.

அதோடு மற்றதைச் சேருங்கள். டயரின் உயரம் நூற்றுக்குப் பதினொன்று கூடினால், அதே பெடல் மிதிக்கு ரோட்டில் கிடைக்கிற பிரேக் நூற்றுக்குப் பத்தளவு குறையும். டயர் ஒன்றுக்கு எட்டுப் பத்துக் கிலோ கூடியிருக்கும், சுற்றுகிற பாரம் அது. கியர் நீளமானதால் என்ஜின் பிடித்து இறக்குவதும் குறைந்துவிட்டது. முன்பு மூன்றில் இறங்கினவர் இப்போ இரண்டில் இறங்க வேண்டும். இறங்கினீர்களா?

மவுசாகலைக்காரன்

மூன்றில்தான் இறங்கினேன் ஐயா.

பழைய பிட்டர்

சரி. உயிரோடு இருந்து எழுதுகிறீர்கள், அது போதும்.

செய்ய வேண்டியது இதுதான். லிவரின் கீழ் முனை எக்ஸலில் பிடிக்கிற இடத்தை, பின்னுக்குத் தூக்கின அளவுக்கே உயர்த்த வேண்டும். நல்ல லிஃப்ட் கிட்டோடு அதற்கென்று ஒரு பிராக்கெட் வரும். வராவிட்டால் தடித்த தகட்டில் செய்யலாம். நான் சொல்வது போல்ட் போட்டுப் பிடிப்பது. பிரேக் சாமானில் கண்ட இடத்தில் வெல்டிங் கொளுத்த வேண்டாம். கம்பியை வளைத்து "அட்ஜஸ்ட்" பண்ணுகிற ஆளிடமும் விட வேண்டாம். பிராக்கெட் போட்ட பிறகு மெனுவலில் இருக்கிற அளவுக்கு லிவரைச் செட் பண்ணி, பிரேக் எண்ணெய் மாற்றி, காற்றெடுக்க வேண்டும். கருகின எண்ணெய் கொதித்த எண்ணெய், அதை வைத்திருக்கக் கூடாது.

சேஸியைத் தூக்கிப் பின் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ரப்பர் பிரேக் ஹோஸும் ஹேண்ட்பிரேக் கேபிளும் இழுபடுகிறதா என்றும் பாருங்கள். தரையில் நிற்கும்போது நன்றாகத்தான் தெரியும். ஒரு சக்கரம் கானில் இறங்கினால்தான் இழுபடும்.

லீக்ஸ் லொறி

இறம்பொடையில் மாதம் இருபது தடவை இறங்குகிறேன். இந்த வால்வை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். இப்போ போய் என் கெப்புக்குக் கீழே படுக்கப் போகிறேன். மழை பெய்கிறது. பரவாயில்லை.

அப்புத்தளைக் காற்று

உரசலைச் சோதிக்கிற முறை ஒன்று. சமதரையில் லொக் திருப்பிப் பார்த்துப் பிரயோசனமில்லை. ஒரு முன் சக்கரத்தை மண் மேட்டில் ஏற்றி, அந்தப் பக்கம் முழுக்க அமுங்கும்போது இரண்டு பக்க லொக்கும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், முன்னுக்கும் ரிவர்ஸிலும். பிறகு மற்றச் சக்கரம். டயரில் சோக்கட்டி பூசிவிட்டுச் செய்தால் எங்கே படுகிறது என்று வெள்ளையாகத் தெரியும்.

ஹெட்லைட்டை இறக்குங்கள். முன் பக்கம் உயர்ந்தால் லைட் எதிரே வருகிறவன் கண்ணில். பனிமூட்டத்தில் உங்களுக்கே திருப்பி அடிக்கும், ஒரு வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

காகித விஷயம். மாற்றியதை இன்சூரன்ஸுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். டயர் மட்கார்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் பொலிஸுக்கும் கண்ணில் படும். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று பஸ், ஆட்டோவில் மாட்டியிருந்த மேலதிகச் சாமானெல்லாம் கழற்ற வைத்தது ஞாபகம் இருக்கும். 285ஐ வெளியே நீட்டிக்கொண்டு ஹட்டன் டவுனில் போனால் நிறுத்தாமல் விட மாட்டார்கள்.

கொழும்பு வீக்எண்ட்

நிறுத்தினார்கள். எனக்கு. வேறொரு வண்டியில். விவரம் கேட்க வேண்டாம்.

மவுசாகலைக்காரன் (மூன்று கிழமைக்குப் பிறகு)

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை முடிந்தது, எழுதிவிடுகிறேன்.

முதலில் வால்வு. லிஃப்ட் போட்ட கராஜுக்குப் போகவில்லை, நாவலப்பிட்டியில் ஒரு வயதான பாஸ் இருக்கிறார், அவரிடம் போனேன். பிராக்கெட் ஒன்று செய்து போல்ட் போட்டார், லிவரை அளந்து செட் பண்ணினார், எண்ணெய் முழுக்க மாற்றினார். பழைய எண்ணெய் பிளேன்டி நிறத்தில் வந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் ஒரு பக்கம் இழுபட்டது, பிடித்திருந்த கிளிப்பை மாற்றிவிட்டார்.

டயர் 235/85 ஆர்16, ஓல் டெரெய்ன், பழைய கம்பெனி ரிம்மிலேயே. மட் டயர் வேண்டாம் என்று டயர்கடை அண்ணன் தடுத்துவிட்டார், மழைத் தார் ரோட்டில் பிடிக்காது என்று. விற்கிற ஆள் விலை கூடினதை வேண்டாம் என்றது அதிசயம்தான். அலைன்மென்டில் காஸ்டரைப் போகிற மட்டும் கூட்டச் சொன்னேன். 2 அங்குல லிஃப்ட்டை அப்படியே வைத்திருக்கிறேன்.

சோக்கட்டிச் சோதனை செய்தேன். இடது ரிவர்ஸ் லொக்கில் லைனரில் மட்டும் மெல்லிய கோடு. லைனரை இரண்டு விரல் அகலம் வெட்டினேன், இரும்பில் கைவைக்கவில்லை. நடுக்கம் போய்விட்டது. கோயிலடி முடக்கு திரும்பவும் ஒரே வெட்டு. கிளீனர் பையனுக்குத்தான் அதிக சந்தோஷம்.

நடுமேட்டில் டிஃப் இன்னும் இரண்டு இடத்தில் தட்டும், பொய் சொல்லக் கூடாது. 285 உயரம் என்றால் தட்டாது. அந்த இரண்டு இடத்துக்கும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் நாங்களே சீவிவிட்டோம், அரை நாள் வேலை.

போன ஞாயிறு பசளை பாரத்தோடு அதே கினிகத்தேனை. இரண்டில் இறங்கினேன். பின்னால் ஹோர்ன் அடித்தார்கள், அடிக்கட்டும். கீழே வந்து நிறுத்தி நாலு ரிம்மையும் கையால் தொட்டுப் பார்த்தேன், முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே சூடு. ஐயா, உங்கள் மகளுக்கும் நன்றி.

ஸ்பெயார் சக்கரம் பழைய இடத்தில் அடியில் ஏறியது, கொஞ்சம் இறுக்கமாக. ஜாக்கின் உயரம் போதவில்லை, ஒரு பலகைக் கட்டை வைத்திருக்கிறேன்.

285 நாலும் ரிம்மோடு வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. கோழி முட்டையிடுகிறது.

பழைய பிட்டர்

ஒரே சூடு என்றால் சரி. 500 கிலோமீட்டரில் அந்த பிராக்கெட் போல்ட்டைத் திரும்ப இறுக்கவும்.

கொழும்பு வீக்எண்ட்

மச்சான், அந்த நாலையும் என்ன விலைக்குத் தருவாய்? ரேஞ்சருக்கு.

பண்டாரவளை ஃபோர்வீல்

ரேஞ்சரின் கம்பெனி ஓஃப்செட் 55.

கொழும்பு வீக்எண்ட்

அப்போ எவ்வளவு வெளியே வரும்?

லீக்ஸ் லொறி

ரேஞ்சரின் கம்பெனி ரிம் அகலத்தைச் சொல்லுங்கள், நான் கணக்குப் பார்த்துத் தருகிறேன். என் வால்வு சரியாகத்தான் இருந்தது, ஆனால் லிவர் துருப்பிடித்து அசையவில்லை. நாளைக்குக் கழற்றுகிறேன்.